வால்புர்காவின் பேரில் வெந்நீர்

சாக்சனி, நவம்பர் 1526

அதுதான் ஒட்டிலி, எனக்கே தெரியவில்லை. அம்மாவின் நினைவு நாளுக்கு இந்த வருஷமும் ஏழைகளைக் கூப்பிட்டுக் குளிக்க வைத்தீர்களா அப்பா என்று கேட்டிருக்கிறாய். நம் குளியல் வீட்டில் தண்ணீர் கொதிக்கிறது, முற்றத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தரும் உள்ளே வரமாட்டேன் என்கிறார்கள். நான் சுகம்தான், இருமல் மட்டும் விடவில்லை. அங்கே கொலோனில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், எட்டாம் மாதத்தில் ஈரப் படியில் ஓடாதே.

நம் புதுப் போதகர் கஸ்பார் விட்டன்பெர்க்கில் படித்தவர். விசுவாசம் ஒன்றால்தான் இரட்சிப்பு, செத்தவர்களுக்காகச் செய்யும் நற்கிரியை எதுவும் அவர்களைப் போய்ச் சேராது என்கிறார். நான் பதினான்கு வயதில் மடத்துப் பள்ளிச் சுவரேறிக் குதித்து ஓடியவன், எனக்கு எங்கே புரியும். படித்தவர் சொல்கிறாரே என்று இந்த வருஷம் அடுப்பு மூட்டவில்லை. விறகு மிச்சம் என்று சந்தோஷமும் பட்டேன், உன்னிடம் மறைப்பானேன். காலையில் பார்த்தால் எல்லோரும் முதுகு தேய்க்கும் விளாறுக் கட்டோடு வந்து நிற்கிறார்கள். நொண்டி ஹென்செல், ஏம்பா யோஸ்ட், பொண்டாட்டிய அதுக்குள்ள மறந்துட்டியா என்றான். நற்கிரியையால் பலன் இல்லையாம் என்றேன். அப்போ எனக்கு அரிப்பும் இல்லேன்னு போதகர்கிட்ட எழுதி வாங்கிக் குடு என்றான்.

போதகரிடமே ஓடினேன். தாராளமா குளிக்கட்டும், அழுக்கா இருக்காங்க, அந்தக் காரணம் போதும், ஆனா குளிச்சிட்டு வழக்கம்போல உங்க சம்சாரம் வால்புர்கா ஆத்துமாவுக்குன்னு ஒருத்தரும் ஜெபிக்கக் கூடாது என்றார். வந்து அடுப்பை மூட்டி, அதை அவர்களிடம் சொன்னேன். ஹென்செல் சட்டையைக் கழற்றப் போனவன் திரும்பப் போட்டுக்கொண்டான். ஜெபம் பண்ணாம ஓசியில குளிக்க நாங்க என்ன பிச்சைக்காரங்களா என்கிறான். தினமும் கோயில் வாசலில் கை நீட்டுகிறவன் பேசுகிற பேச்சா இது. ஆனால் மற்ற பத்துப் பேரும் தலையாட்டுகிறார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். சாகும்போது உன் அம்மா பிடித்தது சிலுவையை இல்லை, என் கையை. வருஷாவருஷம் குளியலை மட்டும் விட்டுடாத, நான் அதைத்தான் நம்பியிருக்கேன் என்றாள். போதகர் சொல்வது சரி என்றால் அவள் தப்பானதை நம்பிச் செத்தாள். அவள் கதி என்ன ஐயா என்று கேட்டேன். அத்தனை பேசுகிற மனிதர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அது ஆண்டவருக்குத் தெரியும் என்றார். அவர் சொல்வது பொய் என்றும் என்னால் நினைக்க முடியவில்லை. கோயிலில் அவர் பேசக் கேட்கும்போது நெஞ்சு லேசாகிறது. வீட்டுக்கு வந்தால் கனக்கிறது.

கொலோனில் பழைய வழக்கத்தை விடாத உங்கள் சாமியார்களைக் கேட்டு எழுதாதே, அவர்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும், இடுப்பில் கம்பளி கட்டிக்கொள். கதவைத் தட்டுகிறார்கள், தண்ணீர் ஆறுகிறதாம். ஜெபிக்காதே என்று இன்னொரு தரம் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் ஆரம்பித்தால் நானும் கூடச் சேர்ந்துவிடுவேன். நான் போகணும்.

உன் அப்பா
யோஸ்ட்