ஆமை ஜெயித்த கணக்கு

மார்ச் 14, வெள்ளி. டத்தோ கிராமாட்.

இன்று கேமில் என் ஆமை கவிதாவின் பருந்தைத் தோற்கடித்தது. இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

கவிதா என் மகள், ஜொகூரில் படிக்கிறாள். வெள்ளிதோறும் போனில் பேசிக்கொண்டே இருவரும் ஆன்லைன் கேமில் எங்கள் மிருகங்களை மோதவிடுவோம். வேகம் கூடிய மிருகம்தான் முதலில் அடிக்கும். என் ஆமை அடி வாங்கியே பழகியது. இன்று அது முந்திக்கொண்டது.

"அப்பா, ஜெயிச்சிட்டீங்க லா! இன்னிக்கு நல்லாத் தூங்குங்க" என்றாள்.

எங்கே தூக்கம்? காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறவி வேகம், பயிற்சி, லெவல் எல்லாம் சேர்த்து என் ஆமைக்கு 61. அவள் பருந்துக்கு 121க்குக் குறையவே குறையாது. ஒரு வழிதான் உண்டு. அவளே பருந்தின் காலில், கேமில் கிடைக்கும் இரும்புக் குண்டைக் கட்டினால் அதன் வேகம் பாதியாகிவிடும். பாதி அறுபதரை. கேம் அரையை விட்டுவிடும், ஆக 60.

ஒரே புள்ளியில் தோற்றிருக்கிறாள். தானாக இப்படி அமையாது. என் ஆமையின் வேகத்தையும் உட்கார்ந்து கணக்குப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறாள்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டதைப் பிள்ளையிடம் சொல்லாதே என்று திங்கட்கிழமையே மனைவியிடம் சொல்லியிருந்தேன். "நான் ஏன் சொல்லப்போறேன்" என்றாள். இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

கவிதாவிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். அடுத்த வெள்ளி என் ஆமைக்கும் ஒரு குண்டு கட்டிவிடுகிறேன்.