சஞ்சிகைக்குப் போட்ட குரவை

வெள்ளிக்கிழமை, இரவு

என் பேத்தி சுகந்தி பிள்ளைப்பேற்று டொக்டர். பெண்களின் நோய் வருத்தங்களைப் பற்றிப் பெரிய டொக்டர்மாரும் பயிலும் பிள்ளைகளும் படிக்கிற சஞ்சிகையொன்று பல வருடமாக நின்றுபோய்க் கிடந்தது. அதை அவள்தான் முன்நின்று மறுபடி கொண்டுவந்தாள். இன்று மட்டக்களப்பில் வெளியீடு.

முதல் பிரதியைத் தூக்கிக் காட்டினாள். ஒருவரும் கை தட்டவில்லை. பொறுக்காமல், கோயிலில் போடுவதுபோல நாக்கைச் சுழற்றி முழுக்குரலில் குரவையிட்டுவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. படித்தவர்கள் முன்னால் பிள்ளையை வெட்கப்படுத்திவிட்டேனே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பெரிய டொக்டரம்மா மைக்கைப் பிடித்து, "ஆரது?" என்று கேட்டார்.

"என்ட அம்மம்மா, மெடம்."

"அவ தனியப் போட்டாக் காணுமா? மத்தப் பொம்புளைகளுக்கு வாயில்லையா கா?"

பயிலும் பிள்ளைகள் எல்லாரும் எழும்பிக் குரவை போட்டார்கள். பாதிப் பேருக்குக் குரவை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பிறகு கைதட்டல் நிற்கவேயில்லை.

வரும் வழியில், "கோவமா புள்ள?" என்று கேட்டேன்.

"இல்ல அம்மம்மா. இத ஆரும் கணக்கெடுக்க மாட்டாங்களோ எண்டு காலையில இருந்து பயந்துகிட்டிருந்தன். நீங்க போட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்திச்சு."

குரவை போட்டதில் எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. அவள் குசினியில் எனக்குக் குடிக்கக் கொத்தமல்லி அவிக்கிறாள். தொண்டை போனால் போகட்டும்.