புதியவர்களுக்கு நீ எழுதிய பதில்கள்

என் பாசமுள்ள சேகர் அண்ணே,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. தம்போயில் நீ வேலை செய்த கார் ஏர்கோன் பட்டறையில் உன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அம்மா நன்றாக இருக்கிறார், முட்டி வலிதான் அப்படியே இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. நான் துப்பாக்கி சுட்டேன், அண்ணே. நான்தான், உன் தங்கச்சி வாசுகி. சிரிக்காதே.

இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரே வீட்டில் வளர்ந்த எனக்கு உன்னைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. உன் முகத்தைக்கூடப் பார்க்காத பலருக்கு உன்னைத் தெரிந்திருந்தது.

நமக்குத் தெரிந்த சேகர் திக்கித் திக்கிப் பேசுகிறவன். சின்ன வயதிலிருந்தே ஒரு சொல் உன் உதட்டுக்கு வந்து நின்றுவிடும். நீ கண்ணை மூடுவாய், கழுத்து நரம்பு புடைக்கும். நான் சட்டென்று அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். கடையில், பள்ளிக்கூடத்தில், உனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட. அதை உதவி என்றே நினைத்திருந்தேன். நீ எப்போதும் தலையாட்டினாய். நான் எடுத்துக் கொடுத்த சொல் எத்தனை முறை சரியாக இருந்தது? நீ சொன்னதே இல்லை.

களிமண் தட்டு சுடப் போகிறேன் என்று நீ ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பியபோது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தேநீர்க் கோப்பையின் அடியில் வைக்கிற தட்டு அளவில் ஆரஞ்சு நிற வில்லை ஒன்றை ஓர் எந்திரம் வானத்தில் வீசுமாம். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டுமாம். துப்பாக்கி, அங்குள்ள சுடும் மன்றத்துக்குச் சொந்தமாம், அதிகாரி பக்கத்திலேயே நிற்பாராம். இதற்கு ஓர் இணையக் குழு வேறு இருக்கிறது என்றாய்.

என் மகள் பிறந்தநாளுக்கு நீ அங்கிருந்து தாமதமாக வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? கேக் வெட்டி முடித்திருந்தோம். எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்: "பேசவே வராத ஆளுக்கு குழு எதுக்குண்ணே? அங்க போயி யாருகிட்ட என்னத்தப் பேசுற?"

நீ கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அ... அங்க... அங்க எல்லாரும்..." என்று தொடங்கினாய்.

"அங்க எல்லாரும் ஜாலியா இருக்காங்க, அதானே? போய்ட்டு வாலா" என்று நான் முடித்து வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் தலையாட்டினாய்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, பட்டறையில் ஒரு காருக்கு அடியில் குனிந்திருந்தபோது உனக்கு நெஞ்சு வலி வந்தது.

கருமாதி முடிந்த பிறகு உன் கைப்பேசியைத் திறந்தேன். கடவு எண்ணை உனக்கு வைத்துக் கொடுத்ததே நான்தான். குழுவுக்குத் தகவல் சொல்லிவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தேன். அன்று மதியம் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அண்ணே, அத்தனையும் நீ எழுதியதா?

புதிதாக யார் வந்தாலும் முதலில் நீதான் வரவேற்றிருக்கிறாய். மலாய்க்காரர்களுக்கு மலாயில், நம்மவர்களுக்குத் தமிழில், பக்கம் பக்கமாக. மருத்துவமனைத் தாதி ஒருவர், தான் சுட்ட வீடியோவைப் போட்டு, இருபத்தைந்து தட்டில் ஒன்றுகூட உடையவில்லை, இனி வரமாட்டேன் என்று எழுதியிருந்தார். நீ மலாயில் எழுதிய பதிலை நம் பேச்சில் இங்கே வைக்கிறேன்:

"வீடியோவ நாலு தடவ பாத்தேன் சிஸ்டர். பத்தொன்பதாவது தட்டுல உங்க கன்னம் துப்பாக்கிக் கட்டைய விட்டு எழும்பவே இல்ல. எனக்கு அது வர ஆறு மாசம் ஆச்சு. சுடுற நேரத்துல கை மட்டும் நின்னுருது, அதான் தட்டு தப்பிச்சுருச்சு. தட்டுகூடவே கைய ஓட விடுங்க. மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

நான்கு தடவை பார்த்தாயா? முன்பின் தெரியாத ஒருவர் தவறவிட்ட இருபத்தைந்து தட்டையும்?

இன்னொருவர், இது முட்டாள்தனமான கேள்வி, மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு, தோள் வலிக்குமா என்று கேட்டிருந்தார். நீ எழுதினாய்: "இதே கேள்விய நான் ஒரு வருஷம் கேக்காமலே வலிய தாங்கிக்கிட்டேன். நீங்க மொத வாரமே கேட்டுட்டீங்க. கட்டைய தோள்ல நல்லா அழுத்தி வச்சா வலிக்காது."

இவ்வளவு வார்த்தைகளை எங்கே வைத்திருந்தாய்? வாசிக்க வாசிக்க என் அண்ணன் எனக்கு முன்னால் வளர்ந்துகொண்டே போனான்.

குழுவில் உன் மறைவைச் சொன்னேன். ஆறுதல் செய்திகள் வரத் தொடங்கின, நிற்கவே இல்லை. குழுவை நடத்துகிற திரு. லிம் கூப்பிட்டார். மலாயில்தான் பேசினார்.

"உங்க அண்ணன் சுடுற திடல்ல ஒரு விஷயத்த சொல்லி முடிக்க ரொம்ப நேரமாகும். நாங்க சுடாம, துப்பாக்கிய நடுவுல மடக்கித் திறந்து கையில வச்சுக்கிட்டு நிப்போம். யாரும் குறுக்க பேசமாட்டோம். அவரு சொல்றது கேக்கறதுக்கு லாயக்கா இருக்கும், அதான்."

போனை வைத்துவிட்டு அழுதேன். அங்க எல்லாரும் காத்திருக்காங்க. அன்று கேக் தட்டோடு நீ சொல்ல வந்தது அதுதானா, அண்ணே? இல்லை, இதையும் நானே முடித்து வைக்கிறேனா?

உனக்குத் தனியாக வந்திருந்த ஒரு செய்தி மட்டும் பதில் இல்லாமல் கிடந்தது. சாஆ என்ற ஊரிலிருந்து பரமேஸ் என்ற பெண், குழுவில் இன்னும் சேராதவர். செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறவர். முந்தைய செய்திகளை வாசித்துத்தான் கதை புரிந்தது. மூன்று முறை இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு திடல் வாசல்வரை வந்து, உள்ளே போகப் பயந்து திரும்பிப் போயிருக்கிறார். மூன்றாவது முறைக்குப் பிறகு நீ எழுதியிருந்தாய்: "மொதல்ல கார் எஞ்சின நிறுத்துங்க. எறங்கறதப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்." அதற்கு அவர் எழுதிய பதில், நீ போன அன்று காலையில் வந்திருந்தது: "வர்ற ஞாயிறு வரேண்ணே. இந்தத் தடவ உள்ள வந்துருவேனா?"

பதில் வராததால் அவர் வரவேயில்லை. நான் கூப்பிட்டு, நீ போய்விட்டதைச் சொன்னேன்.

"நான் ஏதோ தப்பா எழுதிட்டேன், அண்ணன் கோவிச்சுக்கிட்டாருன்னு நெனச்சேங்கா," என்றார். "சும்மா இருன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. உனக்கெல்லாம் எதுக்கு துப்பாக்கின்னு சிரிக்கிறாரு."

எனக்குச் சுருக்கென்றது. அதே மாதிரிதான் நானும் உன்னிடம் கேட்டிருந்தேன்.

"நான் வரேன் உங்ககூட," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

"நீங்க சுடுவீங்களா?"

"அலமாக், நான் பட்டாசு வெடிச்சாலே காத மூடிக்குவேன்."

"அப்ப நீங்களும் சுடணும். ரெண்டு பேரும் பயப்படலாம்," என்றார்.

அடுத்த ஞாயிறு கூலாய்க்கு அப்பால், செம்பனைகளுக்கு நடுவே போகும் அந்தச் சாலையில் முதல் முறையாகப் போனேன். பரமேஸின் காருக்குப் பின்னால் என் கார். வாசலில் அவர் வண்டி நின்றது. நானும் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. கண்ணாடி வழியாக அவருடைய பின்னந்தலை தெரிந்தது, அசையவில்லை. இறங்கிப் போய்க் கூப்பிடலாமா என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

திடல் அதிகாரி என்சிக் ஹலிம் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார். நான் யார் என்று சொன்னதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பரமேஸ்தான் முதலில் நின்றார். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. ஹலிம் பக்கத்தில் நின்று தோளில் கட்டையைப் பொருத்திக் கொடுத்தார். இனி பரமேஸ் ஆங்கிலத்தில் 'புல்', அதாவது இழு, என்று குரல் கொடுத்தால் எந்திரம் தட்டை வீசும். அவர் குரல் கொடுக்கவில்லை. பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அவருக்காக நான் கத்திவிடலாமா என்று என் நாக்கு துடித்தது.

ஹலிம் துப்பாக்கியைக் கீழே இறக்கச் சொன்னார். "சேகரும் மொத நாள் இப்படித்தான் நின்னாரு," என்று மெதுவாக மலாயில் சொன்னார். "அந்தச் சொல் அவருக்கு வரவே இல்ல. எந்திரத்துக்கு சொல் தேவையில்ல, சத்தம் போதும்னு சொன்னேன். உங்களுக்கு என்ன வருதோ அதச் சொல்லுங்க."

பரமேஸ் மறுபடி துப்பாக்கியைத் தூக்கினார். மூச்சை இழுத்தார்.

"வாடா!"

தட்டு சீறிக்கொண்டு கிளம்பியது. வரிசையில் இருந்தவர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். தட்டு தப்பித்துவிட்டது. அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும். ஒவ்வொன்றுக்கும் "வாடா!" பலமாகிக்கொண்டே போனது. பன்னிரண்டாவது தட்டு இடது பக்கமாக உயர்ந்து போனது, சத்தம் கேட்டது, பிறகு வானத்தில் தட்டு இல்லை.

அதை எப்படிச் சொல்வேன்? மேலேதான் ஆரஞ்சு, உள்ளே கறுப்பாம்; அந்த இடத்தில் ஒரு கைப்பிடிக் கறுப்புத் தூள் விரிந்து, அப்படியே மிதந்து, செம்பனைகளின் மேல் கரைந்து போனது. அவ்வளவு வேகமாகப் போகிற ஒன்றை, ஆலையில் லாரி எடை போடுகிற ஒரு பெண்ணின் கை எட்டிப் பிடித்துவிட்டது. பரமேஸ் துப்பாக்கியைத் திறந்து பத்திரமாக ஹலிமிடம் கொடுத்தார். பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அண்ணே. நீ அப்படி எத்தனை முகம் பார்த்திருப்பாய்!

நானும் சுட்டேன். இருபத்தைந்தும் தப்பித்தது. தோள் மட்டும் வலிக்கவில்லை.

அன்று சாயங்காலம், உன் கணக்கிலிருந்து அல்ல, என் பெயரில் சேர்ந்து, குழுவில் முதல் முறையாக எழுதினேன். "நான் சேகரின் தங்கை. இன்று ஒன்றும் உடையவில்லை." வீடியோவையும் போட்டேன். எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது, அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

அதற்குள் அந்தத் தாதி எழுதிவிட்டார். மூன்று தடவை பார்த்தேன், ஏழாவது தட்டில் உங்கள் கால் சரியான இடத்தில் இருந்தது என்று. தோள் வலிக்குமா என்று கேட்டவர், கட்டையை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார். பரமேஸ் எழுதினார்: "எங்க வாசுகியக்கா கண்ண மூடவே இல்ல, பாத்தீங்களா?" ஒவ்வொருவரும் என் இருபத்தைந்து தவறுகளுக்குள் தேடி, ஒரு நல்லதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவர்கள் எல்லாரும் உன்னைப் போலவே எழுதுகிறார்கள், அண்ணே. அவர்களுக்கே அது தெரியாது. பேச வராதவன் என்று நாங்கள் ஒதுக்கி வைத்தவன், இத்தனை பேருக்குப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

போன மாதம் இரண்டு தட்டு உடைத்தேன். பரமேஸின் வீட்டுக்காரர் இப்போது கூடவே வருகிறார். நிழலில் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறார், சிரிப்பதில்லை. குழுவில் தமிழில் கேட்கிற புதியவர்களுக்கு நானும் பரமேஸும் மாறி மாறிப் பதில் எழுதுகிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி லிம்மைக் கேட்கிறோம்.

நேற்று பொந்தியானிலிருந்து ஒருவர் சேர்ந்திருக்கிறார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையின்போது அவர் செய்தியைப் பார்த்தேன். "அறுபத்து ரெண்டு வயசாச்சு. துப்பாக்கியத் தொட்டதே இல்ல. இந்த வயசுல வந்தா நல்லா இருக்குமா?" வாங்க ஐயா, வர்ற ஞாயிறு காலையில வாசல்ல நிக்கிறேன் என்று எழுதினேன். பார்த்துவிட்டார், இன்னும் பதில் இல்லை.

வாசலில் நிற்பேன், அண்ணே. அவர் வராவிட்டால் அதற்கடுத்த ஞாயிறும் நிற்பேன். இந்தக் குழுவுக்குள் பயந்து பயந்து எழுதுகிற ஒருவருடைய கேள்வியும் இனிப் பதில் இல்லாமல் கிடக்காது. இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் கூடப் பிறந்தும் உன்னை இப்போதுதான் சந்தித்த,
உன் தங்கச்சி
வாசுகி