சொந்தக் காசில் போணி ஆகாது

பட்டினப்பாக்கம்,
9.3.97

அன்பு மகன் தேசிங்குக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் அக்கா மேகலாவும் நல்ல உடம்போடு இருக்கிறோம், சார்ஜாவில் நீயும் அப்படியே என்று உன் கடிதம் சொல்கிறது, ஆனால் போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது என்று அம்மாவுக்கு ஒரே கவலை, வேளைக்குச் சாப்பிடு. உன் கூட்டாளியின் தம்பிக்கு அக்காவிடம் சொல்லி அரசாங்க வேலை வாங்கித் தரச் சொல்லியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லுமுன் போன திங்கட்கிழமை எனக்கு நடந்ததைக் கேள்.

நம் ஐஸ் கடை இருக்கிற ரோடு அகலமாகப் போகிறதாம், கடையை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. புது மீன் மார்க்கெட்டில் இடம் கிடைத்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் இருபத்திரண்டு வருஷ வியாபாரம் போச்சு. பெற்ற பெண் எம்.எல்.ஏ. ஆயிற்றே, எனக்கென்ன பயம் என்று இருந்தேன். நீ அங்கே போனபிறகு ஜெயித்தவள், அதனால் அவள் வழக்கம் உனக்குத் தெரியாது. காலையில் முதலில் வருகிற மனுவை அவள் தள்ளுவதே இல்லை, காரியம் முடிகிறவரை தானே ஆபீஸ் ஆபீஸாக நடப்பாள். அம்மாவோடு மந்தைவெளியில் கூடை தூக்கி மீன் விற்றபோது கற்றது, முதல் போணியை நஷ்டத்துக்காவது கொடுக்கவேண்டும், திருப்பி அனுப்பக்கூடாது. நானும் வியாபாரிதானே, ஐந்தரை மணிக்கே அவள் ஆபீசுக்குப் போய் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டேன். அடுத்து வந்தது ஜமீலுன்னிசா, விதவைப் பென்ஷன் நின்றுபோன அம்மாள். இன்னா அண்ணாத்தே, பொண்ணாண்ட ஊட்லயே பேசாம இங்க வந்து குந்திக்கினு கீறியே என்று கேட்டாள், சிரித்து மழுப்பினேன். மேகலா வந்தாள், என் மனுவைப் படித்தாள், மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தாள். இன்னா நைனா, கடைக்காரன் தன் காசைத் தானே கல்லாவுல போட்டுக்கினு போணி ஆயிட்ச்சுன்னா நீ ஒத்துக்குவியா, போய்க் கடைசில குந்து என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டு ஜமீலுன்னிசாவின் மனுவுக்குக் கையை நீட்டினாள். அந்த அம்மாள் வேறு, கறார்ல அப்படியே உன்னிய உரிச்சு வச்சிக்கிது என்றாள். எனக்குக் காது சுட்டது, வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. நாற்பத்திரண்டாவது ஆளாக உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்று எழுதுகிறேன் பார், அதைச் சொல்லவேண்டும். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றபடியே புடவை எடுத்துப் போட்டவள் அவள், விற்கிற பெண்களுக்கு ஸ்டூல் கேட்டதற்காகத்தான் வேலை போயிற்று, அதிலிருந்துதான் சங்கம், ஊர்வலம், தேர்தல் எல்லாம். அன்றைக்கு நான் முதலாளி பக்கம் பேசினேன், வருகிற சம்பளத்தைக் கெடுத்துக்கொண்டாயே என்று திட்டினேன். இன்று அவள் ஆபீசில் மனு கொடுக்க வருகிற ஒருவரும் நிற்பதில்லை, அத்தனை பேருக்கும் பெஞ்சு, அவள்தான் நின்று பேசுகிறாள். என் முட்டிவலிக்கு அந்தப் பெஞ்சுதான் உதவிற்று.

பதினொன்றரைக்கு என் முறை வந்தது. மனுவுக்கு நம்பர் போட்டாள். இருபத்தாறு கடை போகிறது, பதினெட்டு இடம்தான் இருக்கிறது, குலுக்கலில் உன் பெயரும் ஒன்று, அவ்வளவுதான் நைனா என்றாள். கிடைக்காவிட்டால் பழைய தள்ளுவண்டி இருக்கிறது, அதில்தானே ஆரம்பித்தேன். ஆனால் மறுநாள் பஸ்ஸில் ஒருவன், அப்பனியே வரிசைல குந்த வச்சிட்சாம்பா அந்தப் பொண்ணு என்று பக்கத்தவனிடம் சொன்னான். அந்த அப்பன் நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லியும்விட்டேன்.

ஆகவே உன் கூட்டாளியின் தம்பியை மனுவோடு நேரில் வரச்சொல். என் பெயரைச் சொல்லவேண்டாம், சொன்னால் இன்னும் பின்னால் போகவேண்டிவரும். நீ அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, வீட்டு விலாசத்துக்கு, யாருக்கும் எதுவும் கேட்காமல். குலுக்கல் சித்திரையில், அம்மா முண்டகக்கண்ணி அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
ஐஸ் கடை மாசிலாமணி,
மனு நம்பர் 42.