நாற்றுக்கு வயசாகுமுன்

செப்டம்பர் 1, செவ்வாய்

விடியக்காலையில் தூறல். ஒன்பது மணிக்கே சுள்ளென்று வெயில். ரம்ஜான் நோன்பு உடம்புக்குப் பழகிவிட்டது.

டிராவல்ஸ் ஆபீஸில் போன் அடித்தால் கேன்சல்தான். நோன்பின் கடைசிப் பத்து நாளுக்கு மக்கா போக இருந்த உம்ரா குரூப் மொத்தமும் இல்லை. மலேசியா டூர் இல்லை. வேளாங்கண்ணி திருநாளுக்குச் சொல்லிவைத்த வேன்களும் வேண்டாமாம். ஒருத்தர் போனிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார். டிக்கெட் போடும் சாந்தி சிரித்துவிட்டாள். நானும்.

எங்கே திரும்பினாலும் பன்றிக் காய்ச்சல் பேச்சு. டீக்கடையில், பள்ளிவாசலில். "ஏர்போர்ட் பக்கம் போறவனை வீட்டுக்குள்ள சேர்க்காதீங்க"ன்னு ஒரு பெரிசு. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வாங்கியது: மாஸ்க் பெரிய பெட்டி ஒன்று, டெட்டால், மகள் நிஷாவுக்கு ரெக்கார்ட் நோட்டு. காலேஜில் யாரோ தும்மினதற்கு கிளாஸையே விட்டுவிட்டார்களாம். "தினமும் யாராவது தும்மினா நல்லாருக்கும் அத்தா" என்கிறாள்.

செப். 2, புதன்

செல்வியக்கா வந்தாங்க. வெட்டாத்தங்கரைப் பக்கம் ஊர். மாமனார் காலத்திலிருந்து ரெண்டு ஏக்கர் குத்தகை. புருஷன் தை மாசம் தவறிவிட்டார். ஒரே மகன் இளங்கோ, சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். டிக்கெட் நான் போட்டதுதான். நாளை வருகிறான்.

நிலத்துக்காரர் சென்னையில். பிளாட் போட்டு விற்கணும் அவருக்கு. அவர் ஆள் ஒருத்தன் வந்து சொன்னானாம்: "ஆம்பள இல்லாத வீடு. இந்த சம்பா நடலேன்னா, நீயா நிலத்தை விட்டுட்டேன்னு எழுதி முடிச்சிடுவோம்."

தாசில்தார் பதினாலாம் தேதி நேரில் பார்க்க வருகிறார். அன்றைக்கு வயலில் பயிர் நின்றால் குத்தகை நிற்கும். தரிசாகக் கிடந்தால் அந்த ஆள் பிளாட்டுக்குக் கல் நட்டுவிடுவான்.

சேறடித்தாகிவிட்டது, நாற்றும் தயார். "அப்புறம் என்னக்கா, நட வேண்டியதுதானே?" என்றேன்.

"அவன் ஆளு வரப்புல வந்து நிக்கிறான் பாய். நடவு ஆளுங்க பயப்படுறாங்க. புள்ள வந்து நின்னா இறங்கிடுவாங்க."

ஏர்போர்ட்டுக்கு டிரைவர் ராஜு வரமாட்டேன் என்றுவிட்டான். சின்னக் குழந்தை இருக்கிற வீடு, தப்பு சொல்ல முடியாது. நானே ஓட்டுகிறேன்.

செப். 3, வியாழன்

திருச்சி ஏர்போர்ட். செல்வியக்காவும் கூட வந்திருந்தாங்க. வெளியே வந்தவர்கள் எல்லார் முகத்திலும் துணி. உள்ளே ஏதோ மிஷின் வைத்து சூடு பார்க்கிறார்கள். இளங்கோ வந்தான், மெலிந்திருந்தான். அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை, கையை மட்டும் பிடித்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

செங்கிப்பட்டி தாண்டும்போது பின்னால் பல் அடிக்கிற சத்தம். ஏசியை அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. செல்வியக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாய், கொதிக்குது" என்றாங்க.

அவன்தான் சொன்னான். "ரெண்டு நாளா இருக்கு. மாத்திரை போட்டுட்டு வந்தேன் பாய். அங்க நிறுத்திட்டாங்கன்னா நடவு போயிடும்."

கோபம் வந்தது.  நேரே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு விட்டேன். தனி வார்டு. உடம்பு முழுக்க மூடிய ரெண்டு பேர் வந்து அவனை இறக்கினார்கள். செல்வியக்கா பின்னாலேயே ஓட, ஒரு நர்ஸ் கையை விரித்து நிறுத்தினாள். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாங்க.

வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி ஹபீபா எடுத்தாள். "பின்பக்கப் படி வழியா மாடிக்குப் போயிடுங்க. படுக்கப் பாய், செம்பு எல்லாம் வெச்சுட்டேன்."

செப். 5, சனி

பன்றிக் காய்ச்சல்தான். ரிசல்ட் வந்துவிட்டது. இளங்கோவுக்கு நெஞ்சில் சளி, மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். செல்வியக்காவுக்கும் எனக்கும் மாத்திரை. ஒரு வாரம் வெளியே வரக்கூடாது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் தெருவில் நின்றபடியே கத்திச் சொல்லிவிட்டுப் போனார். தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம்.

நோன்பு திறக்கக் கஞ்சி மாடிப்படி நடுவில். ஹபீபா கீழ்ப்படியில் நிற்க, நான் மேல்படியில். நடுவில் தூக்குவாளி.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதன்பிறகுதான் அவள் தண்ணீர் குடித்தாள்.

செப். 6, ஞாயிறு

மாடி ஜன்னலில் இருந்து மெயின் ரோடு தெரியும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். வேன்கள் வேண்டாம் என்றதும், இந்த வருஷம் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் வந்துகொண்டே இருக்கிறார்கள். காவி உடுப்பு, வெறுங்கால், சப்பரத்தில் மாதா. ஒரு மனுஷன் தள்ளுவண்டியில் பெண்டாட்டியை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். அவள் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தபடி.

இருபது வருஷமாக ஆட்களைப் பயணம் அனுப்பிப் பிழைக்கிறேன். பயணம் என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். சாயங்கால அசர் தொழுகை வரை ஜன்னலை விட்டு நகரவில்லை.

செப். 7, திங்கள்

ஆபீஸுக்கு யார் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே கதவு சாத்துகிற சத்தம். ஹபீபா ஆபீஸுக்குப் போய்விட்டாள். கடை திறந்த அன்றைக்குப் பால் காய்ச்ச வந்ததோடு சரி, அதற்குப் பிறகு அந்தப் படி ஏறாதவள்.

சாயங்காலம் நிஷா வந்து படியில் உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னாள். உம்ரா போக இருந்த பெரியவர் ஒருத்தர் கடைக்கு வந்து அழுதாராம். சாந்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹபீபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க போக நெனச்சது மேல இருக்கறவனுக்குத் தெரியும்ல" என்றாளாம். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வருஷத்துக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போனாராம்.

இதை நான் சொல்லியிருப்பேனா? விசா விதி எல்லாம் எடுத்துச் சொல்லியிருப்பேன்.

செப். 9, புதன்

புழுக்கம். கரண்ட் போய்ப் போய் வருகிறது.

செல்வியக்கா போன். ஊரில் வீட்டுக்கு முன்னால் கூட யாரும் நடப்பதில்லை. பால்காரன் செம்பில் ஊற்றாமல் வாசலிலேயே பாக்கெட்டை எறிகிறான். அவங்களுக்குக் காய்ச்சல் இல்லை, ஆனாலும். நடவு ஆட்கள் ஒருத்தரும் வரவில்லை. நிலத்துக்காரன் ஆள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான், அந்த வயல் தண்ணீரிலேயே காய்ச்சல் இருக்கிறதாம். காலை வைத்தால் ஒட்டிக்கொள்ளுமாம்.

"நாத்துக்கு வயசாகுது பாய். இன்னும் நாலு நாள் போனா நட்டும் பிரயோசனமில்ல. நான் ஒருத்தியா ரெண்டு ஏக்கர் எப்படி நடுவேன்? வெளியவே வரக்கூடாதுன்னுட்டாங்க."

கட்சிக் கிளைச் செயலாளரிடம் சொல்லச் சொன்னேன். "சொன்னேன். துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டு, பாக்கலாம்மான்னு போயிட்டாரு."

ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். வயல் தண்ணீரில் எல்லாம் வராதாம். அதை ஊருக்கு யார் சொல்வது, சொன்னால் யார் நம்புவது.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஹபீபா கீழ்ப்படியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். 

செப். 10, வியாழன்

விடியுமுன் சஹர் சாப்பாடு வைத்துவிட்டு, "சாந்தி ஆபீஸைப் பாத்துக்கும். நான் செல்வியக்கா ஊர் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றாள். எதற்கு என்று கேட்பதற்குள் போய்விட்டாள். மாஸ்க் பெட்டியைக் காணோம்.

பகல் முழுக்க மாடியில் நடந்துகொண்டே இருந்தேன். அவள் போனை எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் செல்வியக்கா போன். கொல்லைக் கதவில் நின்று பார்த்தாங்களாம். வயல் அங்கிருந்து தெரியும். அவங்க சொன்னபடியே எழுதுகிறேன்.

ஹபீபா நேரே நடவு ஆட்கள் உட்கார்ந்திருந்த மரத்தடிக்குப் போயிருக்கிறாள். "நான் டிராவல்ஸ் பாய் வீட்டம்மா. அந்தப் பையனைக் கார்ல கூட்டிட்டு வந்தது எங்க வீட்டுக்காரர்தான். ஒரு வாரமா மாடியில இருக்காரு, ஒண்ணும் ஆகல. தண்ணியில நோய் வராதுன்னு டாக்டர் சொல்றாரு."

யாரும் எழுந்திரிக்கவில்லை. ஒரு பெண், மூத்த நடவாள், அஞ்சலை என்று பேர், கேட்டாளாம்: "டாக்டர் வந்து இறங்குவாரா?"

"டாக்டர் வரமாட்டாரு. நான் இறங்குறேன்."

புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டாள். முந்தின நாளே செல்வியக்காவின் தங்கச்சி பறித்துப் போட்டிருந்த நாற்றுமுடி ஒன்றை எடுத்துப் பிரித்திருக்கிறாள். எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. இவள் தஞ்சாவூர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். நட்டால் நாற்று மிதக்கிறது. மறுபடி எடுத்து நடுகிறாள், மறுபடி மிதக்கிறது. நிலத்துக்காரன் ஆள் வரப்பில் நின்று சிரித்திருக்கிறான். இவள் அவன் பக்கம் திரும்பவே இல்லையாம்.

ரொம்ப நேரம் அப்படியே. வெயில். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அப்புறம் அஞ்சலை எழுந்து வரப்புக்கு வந்து, "ஏம்மா, அப்படிப் பிடிச்சா நிக்காது. கட்டைவிரலால வேரை அமுக்கு" என்றாளாம். இவள் செய்து பார்த்தாள். நிற்கவில்லை. "அட, இங்க கொண்டா" என்று அஞ்சலை இறங்கிவிட்டாள்.

  ஒருத்தி இறங்கினதும் மரத்தடியே காலியாகிவிட்டதாம். ஹபீபா எல்லாருக்கும் மாஸ்க் கொடுத்திருக்கிறாள். வெள்ளைத் துணி கட்டின வாய்களோடு ஒரே வரிசையாகக் குனிந்து. கொஞ்ச நேரத்தில் நடவுப் பாட்டு. "மாஸ்க்குக்குள்ளேருந்து பாட்டு வந்திச்சு பாய்" என்றாங்க. வரப்பில் நின்ற ஆளைக் காணோம். எப்போது போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

நோன்பு திறக்கும் மஃரிபுக்குச் சற்று முன் வந்தாள். படியில் நின்றாள். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. நகத்துக்குள் சேறு.

"நோன்பு?" என்றேன்.

"வெச்சிருக்கேன். அஞ்சலை இளநி நீட்டினா. சாயங்காலம் குடிக்கிறேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்." பையிலிருந்து இளநீரை எடுத்துப் படியில் வைத்தாள். "பாதி உங்களுக்கு."

பாங்கு சொன்னதும் என் பங்கைத் தம்ளரில் ஊற்றிப் படியில் வைத்தாள். 

செப். 11, வெள்ளி

விடுதலை. ஜும்ஆ தொழுகைக்குப் போனேன். ரெண்டு பேர் தள்ளி நின்றார்கள், ஒருத்தர் வந்து கை கொடுத்தார். செல்வியக்காவையும் வெளியே வரலாம் என்று சொல்லிவிட்டார்களாம். மீதி வயலையும் இன்றைக்கு நட்டு முடித்துவிட்டார்கள். வார்டில் இளங்கோவுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி கேட்கிறானாம்.

செப். 14, திங்கள்

நானும் ஹபீபாவும் போனோம். வாய்க்காலில் தண்ணீர் முட்ட. மடையைத் திறந்திருந்தார்கள், வயல் முழுக்க வானம் கிடந்தது, அதில் நாற்று.

தாசில்தார் ஜீப்பில் வந்தார், கூடவே வி.ஏ.ஓ. நிலத்துக்காரன் ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நடவு ஆட்கள் பூராவும் வந்து வரப்பு நெடுக நின்றுவிட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை, சும்மா நின்றார்கள். தாசில்தார் அவர்களைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். "யார் சாகுபடி?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தாங்க" என்றாங்க செல்வியக்கா. எப்போதும் புருஷன் பேரையோ மகன் பேரையோ சொல்கிறவங்க. "செல்வி. நான்தான் சாகுபடி."

வி.ஏ.ஓ. அப்படியே எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஹபீபாவிடம் கேட்டேன், பயமாக இல்லையா என்று. "பயந்துகிட்டேதான் இறங்கினேன். உள்ள இறங்கினப்புறம் சேறு ஜில்லுன்னு இருந்திச்சு. அதுலயே கவனம் போயிடுச்சு."

செப். 17, வியாழன்

லேசான மேகம். இளங்கோவை டிஸ்சார்ஜ் செய்தார்கள். ராஜு தானாக வந்து, "நான் ஓட்டுறேன் பாய்" என்று சாவியை வாங்கிக்கொண்டான். ஹபீபாவும் வந்தாள்.

வீட்டுக்குள் போகாமல் பையன் நேரே வரப்புக்குப் போய்விட்டான். ஆள் பாதியாகியிருந்தான், காற்று அடித்தால் விழுந்துவிடுவான் போல. ரொம்ப நேரம் நின்று பார்த்தான். அப்புறம் திரும்பி வந்து ஹபீபாவின் காலைத் தொடக் குனிந்தான். அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"காலெல்லாம் வேணாம்பா. நான் நட்டது எந்தப் பக்கம்னு காட்டு, போதும்."

இளங்கோ அம்மாவைப் பார்த்தான். செல்வியக்கா அஞ்சலையைப் பார்த்தாங்க. அஞ்சலை கையை நெற்றியில் வைத்து வயலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, "தெரியலையேம்மா. எல்லாம் ஒண்ணா பச்சை பிடிச்சிடுச்சு" என்றாள்.

ஹபீபா சிரித்தாள். பாங்கு சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. நோன்பு திறக்க வாய்க்கால் கரையிலேயே பேரீச்சம்பழம். நடவு ஆட்களுக்கும் கொடுத்தாள்.

நாளை சாந்தி லீவு. ஆபீஸ் சாவி ஹபீபாவிடம்.