அட்ராக்டாவின் மூன்றாவது வாக்குறுதி

டெரிவானா,
ஜூன் கடைசி ஞாயிறு

அன்பு மகன் கோல்மனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். கடல் கடந்து பெர்த்தில் நீயும் மருமகள் கிர்ஸ்டனும் பேத்தி மில்லியும் சுகமாக இருக்க வேண்டும். தொலைபேசி என்றால் பாதியிலேயே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் நான் முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் மாவட்டக் கவுன்சிலுக்குப் புதுத் தலைவி வந்திருக்கிறாள். யார் தெரியுமா? மாட்டுச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் டெவானி வீட்டு அட்ராக்டா. மலட்டுக் கிடாரியைச் சினை என்று சொல்லி என் தலையில் கட்டினானே, அவன் மகள்! இந்த வருஷம் உனக்கு, அடுத்த வருஷம் எனக்கு என்று கட்சிக்காரர்கள் பேசி வைத்துக்கொண்ட பதவி. அதற்குக் கழுத்தில் ஒரு பெரிய பதவிச் சங்கிலி வேறு.

முதலில் மூன்று வேலைகளைச் செய்து முடிப்பேன் என்று வானொலியில் சொன்னாள். ஒன்று, மலைப்பக்கத்துச் சாலைகள். அங்கே ஒரு பள்ளத்தில் விழுந்து அவள் கார் அச்சு முறிந்தது ஊருக்கே தெரியும். இரண்டு, குழாய்த் தண்ணீர். காய்ச்சிக் குடியுங்கள் என்று அறிவித்தே இரண்டு கோடை ஓடிவிட்டது. அவள் வீட்டிலும் அதே தண்ணீர்தானே! மூன்றாவதுதான் எனக்கு இடிக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திறந்து ஆள் குடிவைக்கப் போகிறாளாம். "நம்ம பிள்ளைங்க கேரவன்ல குடித்தனம் பண்ணுதுங்க, நல்ல வீடெல்லாம் சிலந்திக்கா?" என்று கேட்டாள். அவளுடைய அக்கா மகன்தான் கைக்குழந்தையோடு சக்கரம் வைத்த கேரவன் வீட்டில் இருக்கிறான். கணக்கு புரிகிறதா?

நீ கவலைப்படாதே. கீழ் வயலில் உன் வீடு பத்திரமாக இருக்கிறது. வாராவாரம் போய் அடுப்பு மூட்டி ஈரம் போக்குகிறேன். குழாய்களைத் திறந்து ஓடவிடுகிறேன். நீ பெட்டியோடு வந்து இறங்கினால் போதும்.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.
அப்பா, பார்ட்லி

*

டெரிவானா,
ஆகஸ்ட் நடுவில்

அன்பு கோல்மன்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் என்று அம்மா சொன்னாள். சரி.

நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால் அட்ராக்டா வாசலில் நிற்கிறாள். தேர்தல் ஒன்றும் பக்கத்தில் இல்லை. இருந்தும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோல்மன் பேசுனானா?" என்று கேட்டாள். பெர்த்தில் இருக்கிறவனுக்கு இங்கே ஓட்டும் கிடையாது. பிறகு எதற்கு விசாரிப்பு? கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுவான் என்று அடித்துச் சொன்னேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே ஒரு வேலை செய்தேன். உன் வீட்டுச் சன்னல்களுக்குப் பழைய திரைகளை மாட்டினேன். பின்பக்கத்துக் கொடியில் என் சட்டைகள் நாலைந்தைத் தொங்கவிட்டேன். யாராவது உளவு பார்க்க வந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

நேற்று நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா நல்ல கோப்பைகளை எடுத்துத் தேநீர் வைத்தாள், ரொட்டி அறுத்தாள், ஏதோ பிஷப்பே வந்துவிட்ட மாதிரி. அட்ராக்டா சிரித்துக்கொண்டே, "என்ன பார்ட்லி, அந்தப் பச்சைச் சட்டை மூணு வாரமா காயுதே! நம்ம ஊர் வெயில் அவ்வளவு மோசமா?" என்று கேட்டாள். பிறகு குரலை இறக்கி, வீட்டைப் பற்றிக் கோல்மனிடம் பேசினீர்களா என்றாள். "அது விக்கிறதுக்கும் இல்ல, வாடகைக்கும் இல்ல. உன் அக்கா மகனுக்கு வேற இடம் பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கோழிக்குத் தீனி போட வேண்டும் என்று எழுந்து வெளியே போய்விட்டாள். காலையிலேயே போட்டாயிற்று. அம்மாவையும் ஏதோ சொல்லி மயக்கி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

வீடு உன் பெயரில் இருக்கிறது. எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீ ஒரு வரி எழுதினால் அவள் வாயை அடைத்துவிடலாம்.

எதிர்பார்க்கும்,
அப்பா

*

டெரிவானா,
அக்டோபர்

கோல்மன்,

செவ்வாய்க்கிழமை காலை மேல் வயலில் மாடுகளோடு இருந்தேன். உன் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேன். கதவு விரியத் திறந்திருந்தது. கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மாதான் என் சாவியைக் கொடுத்திருப்பாள் என்று ஓடும்போதே நினைத்துச் சட்டைப்பையைத் தொட்டேன். சாவி அங்கேயே இருந்தது.

உள்ளே கவுன்சில் ஆள் ஒருவன் சன்னலை அளந்துகொண்டிருந்தான். சமையலறையில் அட்ராக்டா. "உன் அப்பன் ஒரு கிடாரியோட விட்டான், நீ வீட்டையே சுருட்ட வந்துட்டியா?" என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. முகம்தான் வெளுத்துப் போயிற்று. அவள் கையில் ஒரு சாவி இருந்தது. நீ விமானம் ஏறின அன்று அம்மா நீல நாடா கட்டி உன்னிடம் கொடுத்த சாவி.

"வீட்டைக் கவுன்சிலுக்கு எழுதிக் குடுத்ததை அவன் சொல்லலையா, பார்ட்லி?" என்றாள். "இப்ப சொல்லியிருப்பான், இப்ப சொல்லியிருப்பான்னு நினைச்சுத்தானே வந்து வந்து பாத்தேன். தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவுல நான் எப்படிப் பேசுறது?"

அந்தக் கவுன்சில் ஆள் அளப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னான், சொன்னான். வயசாச்சு பாரு, எனக்குத்தான் மறந்துபோச்சு" என்றேன். அட்ராக்டா என் முழங்கையைப் பிடித்து, "எனக்கும் இப்பல்லாம் எதுவுமே நினைவுல நிக்கிறதில்ல" என்றாள். இரண்டு பேரும் பொய்தான் சொன்னோம். வெந்நீர்க் குழாய் எங்கே இறுகும் என்று அந்த ஆளுக்குக் காட்டிவிட்டு, கொடியிலிருந்த சட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த சட்டைகளைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு வசந்தத்திலேயே தெரியுமாம். "உங்ககிட்ட சொல்ல அவனுக்கும் வாய் வரல, எனக்கும் வரல" என்றாள். அவளைத் திட்டாதே. நானும் திட்டவில்லை.

கேரவன் பையன் இன்னும் கேரவனில்தான் இருக்கிறான். வீட்டுக்கு வரப்போவது பள்ளிக்கூடத்துப் புது ஆசிரியை, இரண்டு பெண் பிள்ளைகளோடு. தண்ணீர் அறிவிப்பையும் போன வாரம் எடுத்துவிட்டார்கள். சாலை மட்டும் அப்படியே கிடக்கிறது. அதை நான் விடப்போவதில்லை.

அங்கேயே இருந்துவிடுவது என்று நீ முடிவு செய்திருந்தால் அது உன் வாழ்க்கை. நான் காரணம் கேட்கவில்லை. ஆனால் எங்கள் இருவரில் ஒருவர் போனால் அன்றைக்கே விமானம் ஏறுவாய் என்று எனக்குத் தெரியும். ஊர் முழுக்க உன் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லும். அடக்கம் முடிந்த மறுநாள் திரும்பிவிடுவாய். மகனே, அந்தப் பயணத்தை இப்போதே செய்துவிடேன். தங்க இடமில்லை என்று யோசிக்காதே. எங்கள் கட்டிலை உங்களுக்கு விட்டுவிட்டு நானும் அம்மாவும் கணப்பருகே படுத்துக்கொள்வோம்.

மில்லியின் தலையில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள்.

உன் அப்பா