கைப்பிடியில் நீ சிரித்த இடம்

என் நிவி அக்காவுக்கு, எங்கே இருந்தாலும் உன் கை வேர்க்காமல் இருக்கட்டும்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். நீ இருந்தபோது எழுத என்ன இருந்தது? ஒரே கட்டில், ஒரே போர்வை. இப்போது கட்டில் முழுக்க எனக்குத்தான். ஆனாலும் சுவரோரமாக ஒடுங்கியேதான் படுக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பா இப்போதும் சிறுசேரிக்குக் கம்பெனி வேன்தான் ஓட்டுகிறார். அம்மா சேலையூர் ஹாஸ்டல் சமையலுக்குத் திரும்பிவிட்டாள். நீ போனதிலிருந்து உன் பெயரை மட்டும் சொல்லாமலே இருந்தாள். 'அவ' என்பாள். நான் அதே பெயர்ப்பலகைக் கடையில் இருக்கிறேன். ஆட்கள் ஒரு சீட்டில் பெயரை எழுதிக் கொடுக்கிறார்கள், நான் மரத்தில் செதுக்குகிறேன், பேசவே வேண்டியதில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்வார்களே என்ற பயத்திலேயே பத்தாவது பாதியில் நின்றவளுக்கு வேறென்ன வேலை பொருந்தும்? முன்பெல்லாம் கடையில் சில்லறை கேட்பதுகூட எனக்காக நீதான் கேட்பாய். இப்போது மீதி தராவிட்டால் அப்படியே வந்துவிடுகிறேன்.

எழுத வந்தது இதையெல்லாம் அல்ல. அந்தக் கைப்பிடியைப் பற்றி.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அது உன் பையில் இருந்தது. நீ துப்பாக்கி சுடப் பழகிய கிளப்பின் ஏர் பிஸ்டல் எப்போதும் கிளப் அலமாரியில்தான் பூட்டி இருக்கும். ஒரு திருகைக் கழற்றினால் மரக் கைப்பிடி மட்டும் தனியாக வந்துவிடும். நான் சொரசொரப்பைக் கூட்ட வேண்டும் என்பதற்காக நீ அதைக் கொண்டு வந்திருந்தாய். பிறகு காய்ச்சல். ஆறே நாள். கைப்பிடி என் தலையணைக்கு அடியில் தங்கிவிட்டது.

அதைச் செய்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? உனக்குக் கை ரொம்ப வேர்க்கும். குறி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிஸ்டல் உள்ளங்கைக்குள் நெல்லளவு நழுவும். பத்து மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையில் அது பெரிய தூரம். "நம்ம கௌசி மரத்துல என்ன வேணா பண்ணுவா சார்" என்று கோச் சாரிடம் சொல்லிவிட்டு, கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாய். நான் அதன்மேல், மாவு மாதிரி குழைந்து காய்ந்தால் கெட்டியாகிற மரப் புட்டியை அப்பினேன். நீ கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அதைப் பிடித்தாய், விரல் அச்சு விழுவதற்காக.

அப்போது பார்த்து அம்மா உள்ளே வந்தாள்.

"இன்னாடி ரெண்டு பேரும் பிடி கொழுக்கட்டை புடிச்சிக்கினு கீறீங்க? பூரணம் வெச்சீங்களா, இல்ல மறந்துட்டீங்களா?"

நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். சிரித்த வேகத்தில் கை இறுகிவிட்டது. விட்டுப் பார்த்தபோது விரல் பள்ளங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன, புட்டியும் இறுக ஆரம்பித்துவிட்டது. மறுபடி செய்யலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்டி, கெட்டியா புடிச்சா நல்லதுதானே" என்றாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. காய்ந்த பிறகு, கூராக்கிய ஆணியைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, அதில் புள்ளி புள்ளியாகக் குத்தினேன். இரண்டு நாள் ஆனது. கிளப்பில் எல்லாரிடமும் காட்டினாயாமே. "என் தங்கச்சி கைவேலை, தொட்டுப் பாருங்க" என்று.

அதன் பிறகு இரண்டு முறை சொன்னாய், இன்னும் நழுவுகிறது என்று. இரண்டு முறையும் புள்ளிகளை இன்னும் ஆழமாகக் குத்திக் கொடுத்தேன்.

நீ போனதற்கு அப்புறம் சார் அம்மாவுக்கு மூன்று தடவை போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, பிஸ்டல் சும்மா கெடக்கு. ஒரு பொண்ணு புதுசா வந்திருக்கு, மத்ததெல்லாம் அதுக்குக் கனமா இருக்கு. கைப்பிடிய மட்டும் குடுத்தனுப்புங்க" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பாத்திரம் விளக்கப் போய்விட்டேன். அதைக் கொடுத்துவிட்டால் நீ பிடித்துக்கொண்டிருக்கிற கடைசிப் பொருளையும் கொடுத்த மாதிரி. அது யாருக்குப் புரியும்?

மூன்றாவது போனுக்குப் பிறகு மனம் கேட்காமல், போன மாதம் ஒருநாள் கைப்பிடியை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன். பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்திருந்தேன். அந்தப் பெண் பெயர் ஷெரின், பிளஸ் ஒன் படிக்கிறாள். கைப்பிடியை நானே திருகிப் பொருத்தினேன். அவள் பத்து முறை சுட்டாள். பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. கை எரியுது."

என்னை அதுவரை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். நான் குத்திய புள்ளிகள்.

சார் எட்டிப் பார்த்தார். "நிவிக்கும் இதேதான். பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வருவா. பள்ளம் வேற ஆழம். இது இறுக்கிப் புடிச்ச கைக்குச் செஞ்சதும்மா. அந்தப் பள்ளத்துல விரல் நிக்கணும்னா இறுக்கணும், இறுக்குனா கை நடுங்கும். வேர்வையால இல்ல, அதனாலதான் அவளுக்குக் குறி ஆடுச்சு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"தங்கச்சிகிட்ட சொல்லி மாத்திக்கன்னு எத்தனையோ தடவை சொன்னேன். 'வேணாம் சார், ஸ்கூல விட்டப்புறம் அவ தானா ஆசைப்பட்டுச் செஞ்சது இது ஒண்ணுதான்'னுட்டா."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. கைப்பிடி செய்துகொடுத்த அந்த மாதம் முழுக்க நீ தயிர்சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டாய். "என்ன, பெரிய இடத்துப் பொண்ணு மாதிரி" என்று கிண்டல் செய்தேன். நீயும் சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு நடித்துக் காட்டினாய். ஊறுகாய் பட்டால் எரிந்திருக்குமே, அக்கா? மாவட்டப் போட்டியில் ஏழு பாயிண்ட் குறைந்து வெளியேறினாயே, அன்றைக்காவது திட்டியிருக்கலாம் இல்லையா? இரவெல்லாம் உன் பக்கத்திலேயேதானே படுத்திருந்தேன். உன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

கைப்பிடியைத் திரும்பக் கொண்டுவந்திருந்தேன், தேய்த்துச் சரிசெய்து தருகிறேன் என்று. ஷெரினின் முதல் போட்டி அடுத்த மாதம். நான்கு நாள் அரத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். தேய்த்தால் உன் விரல்கள் போய்விடும். தேய்க்காவிட்டால் இன்னொரு பெண்ணின் கை கிழியும்.

ஐந்தாம் நாள் மத்தியானம், வேலையிலிருந்து வந்த அம்மா குக்கரை ஏற்றிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "குடு" என்றாள். உன் பள்ளங்களில் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். நிறையவில்லை.

"எவ்ளோ பெரிய கை அவளுக்கு. பொறந்தப்பவே நர்ஸம்மா சொன்னாங்க, நீட்டு விரல்னு."

மூன்று விசில் வருகிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"தேய்டி கௌசி. நிவி இருந்தா அந்தப் பொண்ணுக்கு வலிக்க வுடுவாளா?"

நீ போனதற்கு அப்புறம் முதல் தடவையாக உன் பெயரைச் சொன்னாள். நான் தேய்த்தேன். சுண்டு விரல் பள்ளம்தான் முதலில் மறைந்தது. கட்டை விரல் வைக்கிற இடம் கடைசியாக. இப்போது அதில் நீ இல்லை. இதைச் சொல்லாமல் மறைத்தால் நானும் உன்னை மாதிரி ஆகிவிடுவேன், அதனால் சொல்கிறேன்.

மறுநாள் கிளப்பில் ஷெரினுக்காகப் புதிதாகப் புட்டி அப்பினேன். "கையை லூசா வை. தூங்குற குழந்தையோட கையப் புடிக்கிற மாதிரி" என்றேன். "காயிற வரைக்கும் பேசலாமா அக்கா?" என்று கேட்டாள். "பேசு. சிரிப்பு வந்தா மட்டும் கையை எடுத்துடு" என்றேன். அவளுக்கு உடனே சிரிப்பு வந்துவிட்டது. கையை எடுத்துவிட்டாள். இரண்டு முறை அப்ப வேண்டியதாயிற்று.

இந்தத் தடவை புள்ளிகளை மெல்லத்தான் குத்தினேன். பத்து புள்ளிக்கு ஒரு தரம் என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துக்கொண்டேன். கொடுத்தபோது, அந்த ஹாலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசினேன், அக்கா. நானா பேசினேன் என்று எனக்கே சந்தேகம்.

"வலிச்சா சொல்லணும். நான் வருத்தப்படுவேன்னு சொல்லாம இருக்கக் கூடாது. எத்தன தடவ வேணாலும் மாத்தித் தர்றேன்."

அவள் தலையாட்டினாள். நீயும் இப்படித்தான் எதற்கும் நன்றாகத் தலையாட்டுவாய்.

அதனால் அதை நம்பப் போவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளப்புக்குப் போவேன். அவள் சொல்வாள் என்று காத்திருக்காமல், நானே அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பேன். ஹாஸ்டலில் கொதிக்கிற பாத்திரம் தூக்கிவிட்டு வருகிற அம்மாவின் கையையும், நாளெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிற அப்பாவின் கையையும். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கையைத் திருப்பிப் பார்க்காமல் விட்ட
உன் தங்கச்சி
கௌசி